ப்ளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், இன்ஜினியரிங் காலேஜ் சீட்டுக்கு முன்பணம் கட்டும் முன் இதைப் படிங்க

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகும் எங்கள் அப்பாவுக்கு அந்த இரண்டு மாதம் வருமானம் கிடையாது. ப்ளஸ் டூ ரிசல்ட் வருவதும் அதே சமயத்தில்தான். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் காலேஜ் சீட்டு ஏஜெண்டுகள் வீடு தேடி வருவதும் அப்போதுதான்.

தங்கச்சி கணக்கில் 86, இயற்பியலில் 79, வேதியியலில் 85. அப்படி வந்த ஒருவர் பேச்சைக் கேட்டு, அப்பா அவளை ராமநாதபுரத்தில் ஒரு கன்சல்டன்சிக்குக் கூட்டிப் போனார். எந்தக் கல்லூரி கிடைக்கும் என்று கணித்துச் சொல்ல 500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு கலர் பிரிண்ட் கொடுத்திருக்கிறார்கள். அரசு கல்லூரிகளுக்கு நேரே எல்லாம் சிவப்பு. காரைக்குடிக்கு நேரே ‘வாய்ப்பு இல்லை’. “அண்ணே, கவுன்சிலிங்குக்குப் பதிவு பண்ணி அலையாதீங்க. கோயம்புத்தூர்ல மேனேஜ்மெண்ட் சீட்டு ஒண்ணுதான் இருக்கு, இன்னைக்கே பிளாக் பண்ணணும்” என்றிருக்கிறார் அந்த ஆள். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 25,000 கட்டினார் அப்பா. ரசீது கிடையாது. விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகையை எழுதி ஒரு கிறுக்கல். டி.சி.யையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் அவர்களே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். ஊருக்கு வந்தபோது கவுன்சிலிங் பதிவு முடிய நாலு நாள்தான் பாக்கி. மனசு கேட்காமல் அந்தப் பிரிண்டையும் எடுத்துக்கொண்டு தங்கச்சியோடு டிஎன்இஏ (தமிழ்நாடு அரசின் பொறியியல் கவுன்சிலிங்) உதவி மையத்துக்குப் போனேன். அங்கே இருந்த மேடம் அதை மேசையில் வைத்து, ஒரு ஸ்கேலை வரிக்குக் கீழே பிடித்தபடி மேலே இருந்த தலைப்பைக் காட்டினார். பொடி எழுத்தில் ‘ஓசி’, அதாவது பொதுப் பிரிவு, என்று இருந்தது. “நீ எம்பிசிதானேம்மா? இது உன் கணக்கே இல்லையே” என்றார். அப்புறம், “ஆறாவதிலிருந்து எந்த ஸ்கூல்?” என்று கேட்டார். அரசு பள்ளி. தங்கச்சி அழுதுவிட்டாள்.

விஷயம் இதுதான். கட்-ஆஃப் 200-க்கு: கணக்கு மார்க் அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. அவளுக்கு 86, 39.5, 42.5, மொத்தம் 168. போன வருடங்களில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு, எந்தச் சமூகப் பிரிவுக்கு எந்த கட்-ஆஃப் வரை சீட்டு போனது என்பது டிஎன்இஏ இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. மார்க்கை மட்டும் பார்க்காமல் ரேங்க்கையும் பாருங்க. ஒரு வருடம் எல்லோருக்கும் மார்க் அள்ளிப் போட்டால் கட்-ஆஃப் எகிறிவிடும், ரேங்க் அந்த அளவுக்கு ஆடாது.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசு பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு, தனி ரேங்க் பட்டியல். அதில் சீட்டு கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கும் கட்டணச் சலுகை உண்டு. மேனேஜ்மெண்ட் சீட்டில் சேர்ந்தால் இந்த இரண்டும் போச்சு. இதில் ஒன்றைக்கூட அந்த ஆள் அப்பாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்கு கமிஷன் வராது. சீட்டு விற்கிறவரிடம் போய் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டது எங்கள் தப்பு என்றுகூடச் சொல்ல மாட்டேன். அப்பாவுக்கு வேறு யாரைக் கேட்பது என்று தெரியாது, அதைத்தான் அவர்கள் காசாக்குகிறார்கள்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் பதிவு பண்ணினோம். அந்த ஆபீஸ் வாசலில் அரை நாள் உட்கார்ந்து சர்டிபிகேட்டுகளை வாங்கினேன். தங்கச்சிக்குக் காரைக்குடி அரசு கல்லூரியில் சிவில் கிடைத்தது, 7.5-இல்.

25,000 வரவில்லை. மூன்று முறை போனேன், நான்காவது முறை கதவில் பூட்டு. விசிட்டிங் கார்டோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.

மண்டபம், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் யாருக்காவது டிஎன்இஏ கட்-ஆஃப் பட்டியலைப் பார்க்கத் தெரியவில்லை என்றால் சொல்லுங்க. தங்கச்சி லீவில் வீட்டில்தான் இருக்கிறாள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன் என்கிறாள். மார்க் ஷீட்டும் சாதிச் சான்றிதழும் ஜெராக்ஸ் எடுத்து வாங்க, போதும். ஒரிஜினலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாங்க.