அம்மா உணவகம்: மழை மாதத்தில் ஒரு பெயின்டரின் சாப்பாட்டுக் கணக்கு

சென்னையில் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறேன். வேலை இருந்தால் நாள் கூலி 1,000 ரூபாய். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வெளிச்சுவர் வேலை அடியோடு நின்றுவிடும். உள்வேலையையும் "பொங்கலுக்கு முன்னாடி பார்த்துக்கலாம்" என்று தள்ளிவிடுவார்கள். ஆனால் ரூம் வாடகை தள்ளிப்போகாது. அந்த இரண்டு மாதமும் எனக்குச் சோறு போடுவது, மாநகராட்சி மலிவு விலையில் நடத்தும் அம்மா உணவகம்தான்.

காலையில் இட்லி 1 ரூபாய், பொங்கல் 5. மத்தியானம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. ராத்திரி பருப்போடு இரண்டு சப்பாத்தி 3. இட்லி, சாம்பார் சாதம், தயிர் சாதம் மூன்றும் 2013-ல் ஆரம்பித்தபோது வைத்த விலை. ஐந்து இட்லி, மத்தியானம் இரண்டு சாதமும், ராத்திரி நாலு சப்பாத்தி என்று வயிறாரச் சாப்பிட்டாலும் 19 ரூபாய்தான். வெளியே ஒரு டீயே 15 ரூபாய்.

இட்லிக்குச் சட்னி கிடையாது, சாம்பார்தான். நின்றுகொண்டு சாப்பிட வேண்டும். சமைத்துப் பரிமாறுவது மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். நான் போகும் இடத்தில் ஒரு அக்கா, சாதத்தின் நடுவில் கரண்டியால் குழி பண்ணி, கேட்காமலே இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றுவார். "இன்னைக்கு வேலை கெடச்சுதா தம்பி?" என்று விசாரிப்பார். அவருக்கும் நாள் கூலிதான்.

வயிறு நிறைவது மட்டுமில்லை. சாப்பாட்டுக்கே காசில்லை என்றால் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்குவோம். வாங்கிவிட்டால் அடுத்த வேலைக்கு அவர் சொல்வதுதான் கூலி. 800-க்கு வா என்றால் 800-க்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஒரு நாள் 20 ரூபாயில் ஓடுவதால்தான் "கட்டுப்படியாகாதுண்ணே" என்று என்னால் சொல்ல முடிகிறது. இதற்காகவே எந்த ஆட்சி வந்தாலும் இந்த உணவகத்தை மூடக் கூடாது என்பேன். 2024-ல் பாத்திரம் மாற்றவும் கட்டடங்களைச் சீர்செய்யவும் 21 கோடி ரூபாய் ஒதுக்கியது நல்ல காரியம்.

ஒன்றை மட்டும் மாற்றலாம். பார்சல் தரக் கூடாது என்பது விதி. யாரும் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகாமலிருக்க அது தேவைதான். ஆனால் காய்ச்சலில் படுத்திருக்கும் ரூம்காரனுக்கு நாலு இட்லி வாங்கிப்போக வழி வேண்டும்.

காலை 7 முதல் 10, மத்தியானம் 12 முதல் 3, சாயங்காலம் 6 முதல் 9. அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறது, துணைக்குப் போகிறவர்கள் அங்கேயே சாப்பிடலாம்.