ரோட்டரி டூல் கட்டிங் வீல்: தேய்ந்து போவதும் உடைந்து போவதும்

ரோட்டரி டூல், அதாவது சின்ன வீல்களை மாட்டி வேகமாகச் சுற்றவிடும் கைக்கருவி, வாங்கினால் கூடவே ஒரு டப்பா நிறைய வெட்டுவதற்கான பழுப்பு வட்டுகளும் வரும். முதல் வேலையிலேயே அவற்றில் பாதி உடைந்து தெறித்துவிடும். 'மட்டமான சரக்கு' என்று ஒதுக்கிவிட்டு வேறு பிராண்டு தேடுவோம். பிராண்டு மாறினாலும் உடைவது நிற்காது. ஒவ்வொரு வகை வீலும் எப்படிச் சாகிறது என்று கவனித்தால், எதை எந்த வேலைக்குப் போடுவது என்பது தெளிவாகிவிடும்.

முதலில் அந்தப் பழுப்பு வட்டு. டிரெமெல் பிராண்டு வரிசையில் 409 என்ற எண்ணில் வருவது 24 மிமீ அகலம், 0.6 மிமீ கனம்தான். அதன் அண்ணன் 420 சுமார் 1 மிமீ. இரண்டிலும் உராய்வுத் துகளைப் பிசினால் ஒட்டியிருக்கிறார்களே தவிர, உள்ளே பிடித்து நிறுத்த எந்த வலையும் கிடையாது. நேராக இறக்கி நேராகத் தூக்கினால் மெல்லிய, சுத்தமான வெட்டு கிடைக்கும். தலை மழுங்கிய ஸ்க்ரூவில் புதிதாக ஒரு பள்ளம் போடுவதற்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் வெட்டின் நடுவே மணிக்கட்டு கொஞ்சம் திரும்பினாலும் போச்சு. இவை தேய்ந்து தீர்வது அபூர்வம். பெரும்பாலும் உடைந்துதான் தீரும். அதனால் பொருளை வைஸில் இறுக்கிப் பிடித்துச் செய்யும் நுட்பமான வேலைக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். கையில் பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டாம்.

அடுத்தது ஃபைபர் வலை பதித்த ரெசின் (பிசின்) வீல். 38 மிமீ அகலத்தில் வரும் 456 போன்றவை இந்த வகை. விலை அதிகம்தான். ஆனால் ஆணி, போல்ட், கம்பி, தகடு என்று இரும்பு வேலையே பெரும்பாலும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே வாங்குவேன். லேசாகத் திருகினாலும் வலை தாங்கும். விரிசல் விட்டாலும் சட்டென்று துண்டு துண்டாகப் பறக்காது. இது சாவது தேய்ந்துதான்.

அந்தத் தேய்மானத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 38 மிமீ வீல் 35,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 35,000 சுற்று) சுற்றினால் அதன் விளிம்பு விநாடிக்குச் சுமார் 70 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, அதாவது மணிக்கு 250 கிலோமீட்டர். அதே வீல் 20 மிமீ ஆகத் தேய்ந்தபின் அதே ஆர்பிஎம்மில் விநாடிக்கு 37 மீட்டர்தான். வேகம் பாதியானதும் வெட்டு மந்தமாகிறது, நாம் அழுத்துகிறோம், துகள்கள் இன்னும் சீக்கிரம் உதிர்கின்றன. சுற்றளவும் குறைந்துவிட்டதால் மிச்சமிருக்கும் துகளும் கொஞ்சம்தான். பாதி தேய்ந்த வீல் திடீரென்று தீர்ந்துபோவது இதனால்தான். புதிய வீலைக் கொஞ்சம் குறைந்த வேகத்தில் தொடங்கி, சிறிதாக ஆக ஆக வேகத்தைக் கூட்டலாம்; வீலில் அச்சிட்டிருக்கும் உச்ச வரம்பை மட்டும் எப்போதும் தாண்டக் கூடாது. தேய்ந்து சிறுத்ததைத் தூக்கிப் போடவும் வேண்டாம். விரிசல் இல்லையென்றால், பெரிய வீல் நுழையாத மூலைகளில் அதுதான் கைகொடுக்கும்.

டைமண்ட் வீலைப் பற்றி ஒரு நம்பிக்கை உலவுகிறது: வைரம் என்பதால் எல்லாவற்றையும் வெட்டும், எப்போதும் தீராது என்று. டைல், கண்ணாடி, கல், ஃபைபர் கிளாஸ் என்றால் சரி, அங்கே மற்ற வீல்கள் இதன் பக்கத்தில்கூட வர முடியாது. இரும்பில் கதை வேறு. வைரம் வெறும் கரி (கார்பன்). உராய்வுச் சூட்டில் இரும்பு அந்தக் கரியைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும், வைர முனை மழுங்கிவிடும். தொழிற்சாலைகளில் கடினப்படுத்திய எஃகைத் தேய்க்க வைரத்தை விட்டு சிபிஎன் என்ற வேறொரு துகளைப் பயன்படுத்துவதும் இதனால்தான். அதோடு ரோட்டரி டூலுக்கு வரும் டைமண்ட் வீல்களில் பெரும்பாலானவற்றில் எஃகுத் தகட்டின்மேல் ஒரே அடுக்கு வைரத் துகள்தான் இருக்கும். அந்த அடுக்கு போனால் கீழே வெறும் தகடு. ரெசின் வீலைப் போல அளவு சிறுக்காததால் தீர்ந்ததே தெரியாது. 'ஏன் வெட்டவில்லை' என்று இன்னும் அழுத்தி, டைலில்தான் விரிசல் விழும். வெட்டும் இடத்தில் அவ்வப்போது சொட்டுத் தண்ணீர் விட்டு, மிதமான வேகத்தில் போனால் நிறைய நாள் வரும். தண்ணீர் டூலுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மின்சாரம் ஓடும் சாமான் அது.

பல் வைத்த எஃகு ரம்பச் சக்கரமும் கிடைக்கிறது. மரமும் பிளாஸ்டிக்கும் நன்றாகவே வெட்டும்தான். ஆனால் பல் மாட்டிக்கொண்டால் டூல் கையிலிருந்து துள்ளும், மறைக்கத் தடுப்பும் கிடையாது. எனக்கு இது பிடிக்காது. மரத்துக்குக் கார்பைடு துகள் ஒட்டிய சக்கரமே மேல்.

எதைப் போட்டாலும் ஆயுளைத் தீர்மானிப்பதில் கைக்கும் பங்கு உண்டு. ஒரே மூச்சில் ஆழமாக இறக்காமல், அதே கோட்டில் மேலோட்டமாகப் பல முறை ஓட்டவும். மோட்டார் சத்தம் இறங்கினால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். வெட்டு முடியும் நேரத்தில் பிளவு மூடி வீலைக் கவ்வாதபடி, துண்டாகி விழும் பக்கம் தானாக விரியும் மாதிரி பொருளைப் பிடிக்கவும். கட்டிங் வீலின் பக்கவாட்டில் பிசிறு தேய்ப்பது கூடவே கூடாது, அதற்குக் கிரைண்டிங் கல் இருக்கிறது. அலுமினியம் வெட்டினால் துகள்களுக்கு நடுவே உலோகம் அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் மெழுகு தடவினால் குறையும். வீலை மாட்டும் மேண்ட்ரல் தண்டு வளைந்திருந்தால் எந்த வீலும் நிலைக்காது. அதில் வீலைப் பிடிக்கும் ஸ்க்ரூவை ஓங்கி முறுக்கினாலும் மெல்லிய வீல் நடுவிலேயே விரிசல் விடும்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொட வேண்டாம், முகத்தடுப்பு இருந்தால் இன்னும் நல்லது. டைல், கல், ஃபைபர் கிளாஸ் என்றால் தூசிக்கு மாஸ்க்கும் வேண்டும். புது வீல் மாட்டியதும் அது சுற்றும் தளத்துக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்று, ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டுப் பார்க்கவும். அப்புறம் ஒன்று: ரெசின் வீல்கள் ஈரத்தில் பலம் இழக்கும். கையால் பிடித்து ஓட்டும் கருவிகளுக்கான பெரிய ரெசின் வீல்களில் தயாரித்ததிலிருந்து 3 ஆண்டு என்று காலாவதித் தேதியே அச்சிட்டிருப்பார்கள். சின்ன வட்டுகளில் பெரும்பாலும் தேதி இருக்காது. ஆகவே ஒரேயடியாக நூறு வாங்கிக் குவிக்காமல், வேண்டியதை மட்டும் வாங்கி மூடிய டப்பாவில் வைக்கவும்.