பஸ் ஸ்டாப்புக்கு ஒரு பஸ்

சிங்கப்பூரிலிருந்து இந்தத் தடவை லீவுக்குப் போனபோது தங்கச்சி வீட்டில்தான் ஜாகை. சென்னையின் தெற்குப் புறநகர், வண்டலூர்-கேளம்பாக்கம் சாலையில் மாம்பாக்கம். மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, புது அடுக்குமாடி. "பஸ்ஸெல்லாம் இருக்குண்ணா, பஸ் ஸ்டாப்புக்குப் போறதுதான் பாடு" என்றாள்.

மெயின் ரோட்டில் பெரிதாகக் குறையில்லை. தாம்பரத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் ஓடும் 515 அந்த வழிதான். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்தால் தி.நகரை ஒட்டிய மாம்பலம். 2025இல் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், ரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட். கண்டக்டர் என் போனைச் சாய்த்துப் பார்த்து, "சரி சார், உள்ள போங்க" என்று அடுத்த ஆளிடம் நகர்ந்தார். சில்லறைத் தகராறே இல்லை!

வெள்ளை போர்டு பஸ், அதாவது சாதாரணக் கட்டண பஸ் வந்தால் தங்கச்சிக்கு டிக்கெட்டே கிடையாது. பெண்களுக்கு 2021 முதல் இலவசம். ஆனால் அந்த இரண்டு கிலோமீட்டருக்கு ஆட்டோவுக்குத் தண்டம் அழுகிறாள்.

புறநகர் வளர்ந்தால் எல்லோரும் கேட்பது டவுனுக்கு நேரடி பஸ். பிராட்வே-கேளம்பாக்கம் 102 போன்ற நீண்ட ரூட்டில் எங்கோ ஒரு சிக்னலில் வண்டிகள் மாட்டினால் போதும்; ஸ்டாப்பில் வெகுநேரம் ஒன்றும் வராது, பிறகு ஒன்றன் வாலைப் பிடித்து ஒன்றாக வரும். அதே வண்டியைக் குட்டி ரூட்டில் விட்டால் அதிக நடை அடிக்கும். சிங்கப்பூரில் குடியிருப்பைச் சுற்றி ரயில் நிலையத்தில் கொண்டுவிட ஃபீடர் பஸ் தனியாக உண்டு. 45 நிமிடத்துக்குள் மாறி ஏறினால் மொத்த தூரத்துக்குத்தான் காசு. சென்னைக்கும் இது புதிதல்ல. 2013இல் ரூட் எண்ணில் எஸ் என்ற எழுத்தோடு சிற்றுந்துகள் வந்தது இதற்காகத்தான். பெரிய பஸ் நுழைய முடியாத தெருக்களுக்கு வேறு வழியும் கிடையாது.

இன்னொன்று, இங்கே எல்லோரும் டவுனுக்கே போவதில்லை. காலை 515இல் கணிசமான கூட்டம் ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் சிறுசேரி பக்கம் வேலைக்குப் போகிறது. கோயம்பேட்டிலிருந்து வெளியூர் பஸ்களைக் கிளாம்பாக்கத்துக்கு மாற்றியதில் நகரவாசிகளுக்கு எரிச்சல் என்றால், மாம்பாக்கத்துக்காரர்களுக்கு அது பக்கத்து ஊர்.

தங்கச்சியின் அசோசியேஷனில் தி.நகருக்கு நேரடி பஸ் கேட்டு மனு எழுதி வைத்திருந்தார்கள். அதைக் கிழித்துவிட்டு, காலை 7 முதல் 10 வரையும் மாலை 5 முதல் 9 வரையும் மெயின் ரோட்டுக்கு ஒரு சிற்றுந்து கேளுங்கள் என்றேன். எல்லோருக்கும் சம்மதம். வண்டி திரும்ப இடம் வேண்டுமே, கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கும் கார்களை எடுக்க வேண்டும் என்றதும் கூட்டம் சட்டென்று கலைந்துவிட்டது.