1,200 வாட் மெஷின் போய் 300 வாட் மெஷின் வந்தது

போன தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது கேக் கலக்கவும் மாவு பிசையவும் வைத்திருந்த என் பழைய கேக் மெஷின் கையை விரித்துவிட்டது. பெட்டியில் 1,200 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், 400 வெள்ளிக்குள் (மலேசிய ரிங்கிட்) கிடைத்தது, வாங்கி ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. ஒரு கிலோ பன் மாவைப் போட்டுப் பிசைய விட்டிருந்தேன். ஐந்தாவது நிமிஷம் தலைப்பகுதி குதிக்க ஆரம்பித்தது, கருகல் வாடை வந்தது, அப்புறம் மாவு பிசைகிற கொக்கி நின்றுவிட்டது, மோட்டார் மட்டும் உய்ங் என்று ஓடிக்கொண்டே இருந்தது. மீதியை அம்மாவும் நானும் மாறி மாறிக் கையால் பிசைந்து முடித்தோம்.

பிரித்துப் பார்த்த ரிப்பேர்காரர் உள்ளே இருந்த பல்சக்கரத்தை என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளை பிளாஸ்டிக். ஒரு பக்கம் பல்லே இல்லை, சவைத்துத் துப்பிய கரும்புச் சக்கை மாதிரி இருந்தது. "மோட்டாருக்கு ஒன்றும் ஆகலைக்கா, இதுதான் போச்சு" என்றார்.

வாட் என்பது மெஷின் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்ற கணக்குதான். இழுத்ததில் எவ்வளவு கொக்கி வரை போய்ச் சேருகிறது என்பதை அந்த எண் சொல்லாது. இது தெரிந்த பிறகுதான் கிச்சன்எய்ட் கம்பெனியின் ஆர்ட்டிசான் மெஷினில் 300 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து நான் முகம் சுளிக்கவில்லை. அதில் மோட்டாரிலிருந்து பல்சக்கரம் வழியாக நேராகச் சக்தி போகிறது, உடம்பு முழுக்க இரும்பு மாதிரி கனமான உலோகம், பத்து கிலோவுக்கு மேல் எடை. அந்தக் கனம்தான் மாவு இறுகும்போது மேடையில் நடக்காமல் நிற்க வைக்கிறது.

பினாங்கு ஜார்ஜ்டவுனில் நான்கு கடை ஏறி இறங்கினேன். கென்வுட் கம்பெனி மெஷினும் பார்த்தேன், அதுவும் 1950-இலிருந்து வருகிற வம்சம், மோசம் சொல்ல மாட்டேன். நான் கிச்சன்எய்ட் எடுத்ததற்குக் காரணம் அதன் முகத்தில் இருக்கிற அந்த வட்டமான மூடி. அதைத் திறந்தால் அரைக்கும் இணைப்பு, தோலும் விதையும் பிரிக்கும் இணைப்பு எல்லாம் மாட்டலாம், அந்தத் துளையின் அளவைப் பல வருஷமாக மாற்றாமல் வைத்திருப்பதால் எதிர் வீட்டு அக்கா தன் பழைய மெஷினுக்கு வாங்கி வைத்திருந்த இணைப்புகள் என்னுடையதில் அப்படியே பொருந்தின. இந்த இணைப்புகளைத் தனியாக வாங்கினால் காசு கூடும். மெஷினே இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல் போகிறது, ஆகவே தெரிந்தவர்களிடம் இரவல் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

வாங்கும் முன் ஒரு டேப் எடுத்து, மேடைக்கும் மேல் அலமாரிக்கும் நடுவே அளந்துகொள்ளுங்கள். தலையை மேலே தூக்கினால்தான் கிண்ணத்தை எடுக்க முடியும், நம் ஃபிளாட் அடுப்படிகளில் அலமாரி தாழ்வாகத் தொங்கும். சிரிம் லேபிள், அதாவது மலேசியாவில் மின்சாதனத்துக்குக் கொடுக்கிற பாதுகாப்புச் சான்று, ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் இருக்கிற சொந்தக்காரர் மலிவாக வாங்கி வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது 120 வோல்ட், நம் வீட்டு கரண்டில் செருகினால் அத்தோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் முதலில் செய்தது காசு சோதனை. காலிக் கிண்ணத்தில் ஒரு பத்து காசு நாணயத்தைப் போட்டு, தட்டைத் துடுப்பை மாட்டி, மிக மெதுவாக ஓட்டினேன். துடுப்பு ஒவ்வொரு முறை வரும்போதும் நாணயம் கொஞ்சம் நகர வேண்டும். தொடவே இல்லையென்றால் அடியில் வெண்ணெய் கலக்காமல் தங்கிவிடும், விடாமல் தள்ளிக்கொண்டே போனால் கிண்ணம் உரசும். கழுத்துப் பக்கத்தில் இருக்கிற திருகைக் கால் சுற்று திருப்பினால் போதும்.

சரி, எப்படி உழைக்கிறது? ரவையும் நெய்யும் போட்டுச் செய்கிற பிஸ்கட், பட்டர் பிஸ்கட், பழக் கேக் எல்லாம் அதற்குத் தண்ணீர் பட்ட பாடு. முட்டை வெள்ளைக்கரு மூன்றே மூன்று போட்டாலும் கம்பி அடிவரை போய் நுரைக்க வைக்கிறது. பன் மாவுக்குக் கிண்ணம் 4.8 லிட்டர் இருக்கிறதே என்று நிரப்பாமல், நான் 700 கிராம் மாவோடு நிறுத்திக்கொள்கிறேன், வேகமும் இரண்டுக்கு மேல் ஏற்றுவதில்லை. நம் ஊர் வெக்கையில் வெண்ணெய் வெளியே எடுத்த கொஞ்ச நேரத்திலேயே இளகிவிடும், அதோடு அடிக்கிற சூடும் சேரும், அதனால் கிண்ணத்தை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, காலையில் பசியாறுவதற்கு முன்னாலேயே அந்த வேலையை முடித்துவிடுவேன்.

எனக்கு அதிக சந்தோஷம் போத்தலில் அடைக்கிற வேலையில்தான். கேமரன் மலைத் தக்காளி நாலு கிலோ வேகவைத்து, கைக்கரண்டியால் சல்லடையில் தேய்த்துத் தோள்பட்டை விட்டுப் போகும் முன்பெல்லாம். இப்போது அந்தப் பிரிக்கும் இணைப்பை மாட்டினால் ஒரு பக்கம் தோலும் விதையும் காய்ந்த சக்கையாக வெளியே வர, இன்னொரு பக்கம் சிவப்புக் கூழ் வழவழவென்று வழிகிறது. அன்னாசிக்கு இந்த இணைப்பு சரிப்படாது, நார் சுற்றிக்கொள்ளும், அரைக்கும் இணைப்பில் பெரிய ஓட்டைத் தட்டு போட்டு அரைத்தால் டார்ட்டுக்கு வேண்டிய பதத்தில் வரும். பாலிக் பூலாவ் ஜாதிக்காய்ச் சதையையும் அப்படியே அரைத்துச் சர்க்கரையோடு கிண்டி ஃபிரிட்ஜில் வைத்தேன்.

ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இது வயிற்று உபாதையோடு போகிற விஷயம் இல்லை. புளிப்பு போதாத பண்டத்தைச் சும்மா கொதிக்கிற தண்ணீரில் வைத்து மூடினால் பொட்டுலிசம் கிருமி உள்ளே விஷம் உண்டாக்கும், pH என்கிற அமிலக் கணக்கில் எண் 4.6-க்கு மேல் போகக் கூடாது (எண் ஏற ஏறப் புளிப்பு குறைவு என்று அர்த்தம்). தக்காளி அந்த எல்லையில்தான் நிற்கிறது, அதனால் லிட்டர் போத்தலுக்கு கடையில் போத்தலில் விற்கிற எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி கட்டாயம். ரொட்டிக்குத் தடவுகிற கயா ஜாமில் முட்டையும் தேங்காய்ப் பாலும் இருப்பதால் அதை அடைத்து அலமாரியில் வைக்கவே வைக்காதீர்கள், ஃபிரிட்ஜ்தான்.

துடுப்பில் இரண்டு வகை உண்டு. வெள்ளைப் பூச்சு போட்டது பரவாயில்லை. பூச்சில்லாத அலுமினியம் என்றால் பாத்திரம் கழுவும் மெஷினில் போடக் கூடாது, கறுத்துப்போய் அடுத்த கேக் மாவில் சாம்பல் நிறம் இறங்கும். கையால் கழுவி, உடனே துடைத்து வையுங்கள்.