செம்பருத்தியில் மாவுப்பூச்சி: வேப்பெண்ணெய்க் கரைசல் நீண்ட நாள் பயன்பாட்டில் எப்படி?

வேப்பெண்ணெய் மாவுப்பூச்சிக்குக் கேட்கும். ஆனால் ஒரே தெளிப்பில் கேட்காது; எறும்பு ஏறிக்கொண்டிருக்கும் செடியில் எத்தனை முறை தெளித்தாலும் கேட்காது. "அடித்துப் பார்த்தேன், பயனில்லை" என்பவர்களின் செடியில் முதலில் பார்க்க வேண்டியது தண்டில் எறும்பு வரிசை இருக்கிறதா என்பதைத்தான்.

மாவுப்பூச்சி கழிக்கும் தேன்போன்ற பிசினுக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, இயற்கை எதிரிகளை விரட்டுகிறது. தரையிலிருந்து ஓரடி உயரத்தில் தண்டைச் சுற்றி இரண்டு அங்குல அகலத்துக்கு பாலிதீன் பட்டை கட்டி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். பட்டையின் மேல் மட்டும்தான். மரப்பட்டையில் நேராகத் தடவினால் தண்டு கெடும். சுவரையோ கம்பியையோ தொடும் கிளை ஒன்று இருந்தாலும் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும், வெட்டிவிடுங்கள். தூசி படிந்ததும் கிரீஸைப் புதுப்பிக்க வேண்டும்.

அடுத்தது கத்திரி. சுருண்டு கொத்தாகிப்போன கொழுந்தை எந்த மருந்தாலும் நேராக்க முடியாது, மடிப்புக்குள் கரைசலும் போகாது. அரை அடி கீழே வெட்டி, பாலிதீன் பையில் போட்டு இறுகக் கட்டி இரண்டு மூன்று நாள் வெயிலில் வையுங்கள். உரக்குழியில் போடாதீர்கள்.

கரைசல் அளவு: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், தாக்குதல் அதிகமானால் 10 மி.லி. வயல் பயிர்களுக்குச் சொல்லப்படும் 3 சதவீதத்தை (லிட்டருக்கு 30 மி.லி.) இளந்தளிரில் அப்படியே அடித்தால் இலை கருகும் ஆபத்து உண்டு. எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றிவிட்டு சோப்பைத் தேடக் கூடாது. முதலில் எண்ணெயோடு காதி சோப் கரைசலைச் சேர்த்து பால்போல வெளுக்கும்வரை அடித்து, பிறகு சிறிது சிறிதாகத் தண்ணீர் விட வேண்டும். உப்பு மிகுந்த போர் தண்ணீரில் சோப்பு திரிந்து எண்ணெய் மேலே மிதக்கும். மிதக்கும் எண்ணெய்தான் ஒரு கிளையைக் கருக்கிவிட்டு இன்னொரு கிளையைச் சும்மா விடுகிறது. மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

தெளிப்பது மாலையில். வெயிலில் அடித்தால் இலை கருகும், வேம்பின் வீரியமும் சீக்கிரம் போய்விடும். பூச்சியின் உடம்பு நனையாவிட்டால் பலன் குறைவு. ஆகவே தண்ணீரைப் பீய்ச்சி வெண்படலத்தை முதலில் கலைத்துவிட்டு, இலையின் அடிப்பக்கம், கணு, மொட்டுக்காம்பு என்று நனையுங்கள். பஞ்சுப்பைக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும் முட்டைகளைக் கரைசல் எட்டாது. அவை பொரிந்துவரும் குஞ்சுகளுக்காகத்தான் ஏழு நாள் இடைவெளியில் மூன்று, நான்கு முறை தெளிக்கச் சொல்வது. இரண்டாவது தெளிப்போடு நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு.

தெளிக்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகு நூல்களோடு, ஆனால் அதைவிடப் பெரிதாக, சுறுசுறுப்பாக ஓடுவது பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்று தீர்ப்பதே அதுதான். அது தென்படும் கிளையைத் தொடாதீர்கள். 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி செம்பருத்தியையும் விடுவதில்லை; அதை அடக்கியது 2010இல் போர்ட்டோ ரிகோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட சிறு ஒட்டுண்ணிக் குளவி. கடும் ரசாயனம் அடித்தால் முதலில் சாவது இந்தக் கூட்டாளிகள்.

குறை என்றால், வாடை இரண்டு நாள் நிற்கும். தெளித்தபின் மழை வந்தால் மறுபடி தெளிக்க வேண்டும். தொட்டிச் செடியில் வேரோடு ஒட்டிய மாவுப்பூச்சியை இலைத்தெளிப்பு தொடவே தொடாது; மண்ணை மாற்றித்தான் ஆக வேண்டும்.