மார்க்கர் பாடியை மில்லிங்கிற்குக் கொடுக்கும் முன் துளைகளை அளந்து வையுங்கள்

என்னிடம் இருந்த பழைய ஆட்டோகாக்கர் பெயிண்ட்பால் மார்க்கரின் (அழுத்தக் காற்றால் சாய உருண்டைகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) பாடியை, நான் வரைந்து கொடுத்த வடிவத்தில் மில்லிங் செய்து (வெட்டுக்கருவியால் குடைந்து), அனோடைசிங்கும் (அலுமினியத்தின் மேல் நிறமேற்றிய ஆக்சைடு படலம்) போட்டுத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுத்து ஏமாந்தேன். ஆறு வாரம் என்றவர் ஏழு மாதம் கழித்துத் தந்தார். அந்தத் தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

வந்து சேர்ந்த பாடி பார்வைக்கு உண்மையிலேயே அழகாக இருந்தது. சாய்வான பள்ளங்கள், பாடியின் இரண்டு குழாய்களில் வால்வு இருக்கும் கீழ்க்குழாயைச் சுற்றி ஒரே சீராக ஓடின. கருநீல நிறத்தில் ஒரு திட்டுகூட இல்லை. பாகங்களைப் பூட்டிக் காற்றைத் திறந்ததும் பேரல் வழியாகச் சீறல் கேட்டது. வால்வு இருக்கையைச் சுத்தம் செய்தேன், காற்றை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ ரிங்குகளை மாற்றினேன், சீறல் நிற்கவில்லை. பிறகுதான் துளையின் விட்டத்தை அளக்கும் போர் கேஜை எடுத்தேன். வால்வு உட்காரும் இடத்தில் துளை வட்டமாகவே இல்லை. ஒரு திசைக்கும் அதன் குறுக்குத் திசைக்கும் இடையே 0.12 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது.

இது எப்படி நேர்கிறது என்பது லேத், மில்லிங் வேலை தெரிந்தவர்களுக்கு உடனே புரியும். அலுமினியக் குழாயின் சுவரை வெளியிலிருந்து குடைந்து மெலிதாக்கும்போது, உள்ளே துளைக்குப் பொருத்தமான மாண்ட்ரல் (உருளைத் தண்டு) ஒன்றைச் செருகாமல் வைஸில் இறுக்கினால் குழாய் நசுங்கும். கழற்றிய பிறகும் அந்த நசுங்கல் முழுவதும் மீளாது. போதாக்குறைக்கு, பழைய அனோடைசிங்கை நீக்கத் துளைகளை அடைக்காமலேயே பாடியைக் காஸ்டிக் சோடாவில் போட்டிருக்கிறார். அந்தக் கரைசல் ஆக்சைடு படலத்தோடு நிற்பதில்லை, அடியிலுள்ள அலுமினியத்தையும் அரிக்கும். மேல்குழாயில் உருண்டையைப் பேரலுக்குள் தள்ளும் போல்ட் தளர்ந்து ஆடியதற்கும், வால்வைப் பிடித்து நிறுத்தும் திருகின் மரை பொடிப்பொடியாக உதிர்ந்ததற்கும் அதுவே காரணம்.

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்க வைத்தது பள்ளத்தின் ஆழம். காற்று தேங்கும் அறைக்கு நேர் மேலே, கூர்மையான உள்மூலையோடு வெட்டப்பட்ட பள்ளத்தின் அடியில் எஞ்சியிருந்த சுவர் வெறும் 0.4 மில்லிமீட்டர். அந்த அறையில் வழக்கமாகச் சுமார் 300 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தம் இருக்கும். காற்றழுத்தத்தைக் குறைத்துத் தரும் மார்க்கரின் ரெகுலேட்டர் பழுதானால் தொட்டியிலிருந்து வரும் 800 பிஎஸ்ஐக்கு மேற்பட்ட அழுத்தம் நேராக அங்கே இறங்கிவிடும். விளையாடுபவரின் முகம் அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கிறது. விரிசல் பெரும்பாலும் இத்தகைய கூர்மூலைகளில்தான் தொடங்கும் என்பதை அழகுக்காகப் பள்ளம் வெட்டும் ஒருவர் அறியாமல் இருக்கலாகாது.

அவரிடம் கேட்டபோது, தடித்த ஓ ரிங் போட்டால் சரியாகிவிடும் என்றார். பாடி ஏற்கெனவே தேய்ந்துதான் வந்தது என்று அடுத்து மாற்றிச் சொன்னார். அனுப்பும் முன் ஒவ்வொரு துளையையும் அளந்து, கேஜோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்திருந்தேன். அவற்றை அனுப்பிய நாளோடு அவரிடமிருந்து பதில் வருவது நின்றுபோயிற்று. பணமும் திரும்பவில்லை.

ஆகவே வேலை கொடுக்கும் முன், பள்ளங்களின் அடியில் எவ்வளவு சுவர் மிஞ்சும் என்று காட்டும் குறுக்குவெட்டு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். துளைக்குள் மாண்ட்ரல் போட்டுத்தான் பிடிப்பாரா, காஸ்டிக்கில் போடும்போது துளைகளையும் மரைகளையும் அடைப்பாரா என்பதை எழுத்தில் பெறுங்கள். நல்ல வேலைக்காரர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். பிறகு நான் அணுகிய ஒருவர், நான் கேட்பதற்கு முன்பே பாடியின் அளவுகளை எடுத்துக் காட்டினார். ஆழமாக வெட்டிய பாடி ஏற்கெனவே உங்கள் கையில் இருந்தால், பந்துமுனை மைக்ரோமீட்டரால் சுவரை அளந்து பார்க்கும் வரை காற்றுத் தொட்டியை இணைக்க வேண்டாம்.