பூனைக்கு மூக்கடைப்பு: ஆவியா, சொட்டா, நெபுலைசரா?

பூனைக்கு மூக்கு அடைத்தால் முதலில் நின்றுபோவது சாப்பாடு. வாசனை தெரியாத எதையும் அது லேசில் வாயில் வைக்காது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பின் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து, ஈரலே தடுமாறத் தொடங்கும். குண்டுப் பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். அதனால் எந்த முறையை எடைபோட்டாலும் என் அளவுகோல் ஒன்றுதான்: முடித்த கால் மணி நேரத்துக்குள் பூனை தட்டருகே வந்து சாப்பிடுகிறதா? தட்டை முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் வைத்தால் கிராம் கணக்கில் பதில் கிடைத்துவிடும்.

வீட்டில் செய்யக்கூடியவை மூன்று: குளியலறை ஆவி, சலைன் (உப்புக் கரைசல்) சொட்டு, சலைனை நுண்ணிய துளிப்புகையாக்கும் கருவியான நெபுலைசர். மூன்றும் காய்ந்து ஒட்டிய சளியை இளக்கும், அவ்வளவே, நோயைத் தீர்க்காது. பூனைச் சளியில் பெரும்பங்கு ஹெர்பிஸ் வைரஸாலோ கலிசிவைரஸாலோ வருவது. பெரும்பாலும் 7 முதல் 10 நாள் இழுத்துவிட்டுத்தான் அடங்கும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை என்றால் மொத்தம் இருபது, முப்பது தடவை செய்ய வேண்டிவரும். முதல் தடவை எது நன்றாக வேலை செய்தது என்பதைவிட, பத்தாவது தடவையும் பூனை ஒத்துழைக்குமா என்பதுதான் எனக்கு முக்கியம். நான் நெபுலைசர் பக்கம் சாய்வதும் அதனால்தான்.

ஆவிக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்து, கதவைச் சாத்தி, வெந்நீர் ஷவரை ஐந்து நிமிடம் திறந்துவிட்டுப் பிறகு பூனையோடு உள்ளே 10 முதல் 15 நிமிடம் உட்கார்ந்தால் போதும். கண்ணாடி முழுக்கப் பனி படிந்தால்தான் ஈரம் போதும் என்று அர்த்தம். பெரிய குளியலறையில் அது நடப்பதே இல்லை. வெந்நீர்ப் பாத்திரத்தைப் பூனைக்கூடைக்குள்ளோ முகத்துக்குப் பக்கத்திலோ வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். ஒரு உதறலில் கொட்டிச் சுட்டுவிடும். காய்ச்சலில் இருக்கும் பூனைக்கு அந்தப் புழுக்கமும் சேராது. லேசான அடைப்புக்கு, முதல் நாளுக்கு, ஆவி சரி.

சொட்டு மருந்து மூன்றிலும் வேகமானது. 0.9% சோடியம் குளோரைடு, பக்கத்துக்கு ஒரு சொட்டு. தலையை அண்ணாத்தித் திணிக்காமல், மூக்குத் துவாரத்தின் விளிம்பில் விட்டால் மூச்சிழுக்கும்போது தானே உள்ளே போகும். உடனே ஒரு தும்மல், கூடவே சளியும் வரும். ஆனால் துண்டில் சுற்றி, தலையைப் பிடித்தால்தான் இது நடக்கும். இரண்டாம் நாளே பாட்டிலைக் கண்டதும் கட்டிலுக்கடியில் ஒளியும் பூனைகள் நிறைய. ஒளிந்த பூனை அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கும் வெளியே வராது. இன்னொன்றும் உண்டு: ஹெர்பிஸ் ஒருமுறை தொற்றினால் நரம்பு முடிச்சில் பதுங்கியே இருக்கும், மன அழுத்தம் வந்தால் மறுபடி தலைதூக்கும். அடைப்பை நீக்கப் போய் அந்த அழுத்தத்தை நாமே தினம் மூன்று வேளை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

லேபிளையும் முழுதாகப் படியுங்கள். மனிதர்களுக்கான மூக்குச் சொட்டுகளில் ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் கலந்தவை உண்டு. அளவு மீறினால் பூனையின் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் சரிந்துவிடும். மருத்துவர் அளவு குறித்துத் தராமல் அதைத் தொட வேண்டாம்.

இனி நெபுலைசர். இதில் பூனையைப் பிடிக்கவே வேண்டாம். முகமூடியும் தேவையில்லை. கேரியரின் மேல் துண்டு போர்த்தி, கையளவு இடைவெளியைக் காற்றுக்காக விட்டு, சலைன் ஊற்றும் கப்பின் வாயைக் கதவுக் கம்பிகளுக்கிடையே உள்நோக்கி வையுங்கள். காற்றை அழுத்தித் தள்ளிப் புகையாக்கும் கம்ப்ரசர் வகையில் கப் நிமிர்ந்தே இருக்க வேண்டும். சாய்ந்தால் புகை நின்றுவிடும். 3 முதல் 5 மி.லி. சலைன் ஊற்றினால் 10 முதல் 15 நிமிடம் ஓடும். கப் விட்டுவிட்டுச் சீறத் தொடங்கினால் தீர்ந்தது என்று பொருள். வெறும் தண்ணீரோ டிஸ்டில்டு வாட்டரோ ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். 3% உப்புக் கரைசலும் அப்படியே. வலுவான உப்பு நன்றாக இளக்கும் என்ற கணக்கு இங்கே பலிக்காது.

பூனை மிரள்வது புகையைவிடச் சத்தத்தைக் கண்டுதான். கம்ப்ரசரைத் தரையில் நேராக வைத்தால் அதிர்வு கேரியர் வரைக்கும் போகும். மடித்த துண்டின் மேல், குழாயின் நீளம் முழுவதையும் இழுத்துத் தள்ளி வையுங்கள். முதல் தடவை சலைன் ஊற்றாமல் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, பிடித்த தின்பண்டம் ஒன்றைக் கொடுங்கள். மறு தடவை பாதி நேரம். நுண்ணிய சல்லடை வழியாகப் புகையாக்கும் மெஷ் வகை சத்தமே போடாது, ஆனால் உப்புப் படிந்து அதன் கண்கள் அடைபடும். ஒவ்வொரு முறைக்குப் பிறகும், பூனை இல்லாத இடத்தில், டிஸ்டில்டு வாட்டரை ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும். காது குடையும் பஞ்சுக்குச்சியால் மெஷ்ஷைத் துடைத்தால் கிழிந்துபோகும்.

நெபுலைசரின் துளி மூக்கில் தங்காது என்று ஆவியை விரும்புகிறவர்கள் சொல்வதில், துளியின் அளவை மட்டும் பார்த்தால், நியாயம் உண்டு. நெபுலைசர் நுரையீரலுக்காகச் செய்தது. 1 முதல் 5 மைக்ரான் துளிகளில் ஒரு பங்கு மூக்கைத் தாண்டிப் போய்விடும். ஆனால் போர்த்திய கேரியருக்குள் மூடுபனி அடர்ந்து நிற்கும், பூனை மூக்கு வழியாகவே மூச்சிழுக்கும், அதனால் மூக்குக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது. ஆஸ்துமா உள்ள பூனைக்கு மட்டும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். இருமலும் இழுப்பும் கிளம்பலாம். பாரசீகப் பூனை மாதிரித் தட்டை முகக்காரர்களுக்கு நான் அதிகம் வாக்குக் கொடுக்க மாட்டேன். சளி இளகும், பிறவியிலேயே குறுகிய துவாரம் விரியாது.

முடிந்ததும் வெதுவெதுப்பான சலைனில் நனைத்த பஞ்சை மூக்குப் பொருக்கின் மேல் பத்து இருபது விநாடி வைத்திருந்து, கீழ்நோக்கி ஒரே இழுப்பு. பிய்த்து எடுத்தால் அடியில் புண்தான் மிஞ்சும். நனைந்த ரோமத்தையும் துடைத்துவிட்டு, 38 டிகிரி அளவுக்குச் சூடாக்கிய ஈர உணவை வையுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கியிருந்தால் கிளறி, விரலால் தொட்டுப் பார்த்த பிறகு.

நெபுலைசரின் பாரம் கழுவுவதில்தான். கப்பில் மிஞ்சிய சலைனைக் கொட்டாமல் விட்டால் கிருமி வளரும், அடுத்த வேளை அதையே பூனைக்குப் புகையாக ஊட்டுவோம். ஒவ்வொரு முறையும் சோப்பு நீரில் கழுவி, உதறி, காற்றில் காயவிட வேண்டும். கொதிநீர் தாங்கும் கப் என்று தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கொதிக்கவிடலாம். வினிகர் உப்புப் படிவத்தைக் கரைக்கும், கலிசிவைரஸைக் கொல்லும் என்று நம்பக் கூடாது. அந்த வைரஸ் வெளியில் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆகவே வேறு பூனைக்கு வேறு கப். காற்றுக் குழாயைக் கழுவவே வேண்டாம். உள்ளே ஈரம் தெரிந்தால் கப்பைக் கழற்றிவிட்டு மெஷினை மட்டும் ஓடவிட்டால் காய்ந்துவிடும்.

எந்த முறையானாலும் கற்பூரம், மெந்தால், யூகலிப்டஸ் தைலம் கிட்டவே வரக் கூடாது. ரோமத்தில் படிந்ததைப் பூனை நக்கி விழுங்கும், அதன் ஈரலுக்கு அதை உடைத்து வெளியேற்றும் திறன் குறைவு. பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, தூங்கும்போது நிமிடத்துக்கு 40 மூச்சைத் தாண்டினாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ மெஷினை அணைத்துவிட்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். குட்டி என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். சளியோ ரத்தமோ ஒரு பக்க மூக்கில் மட்டும் வந்துகொண்டிருந்தால் அது பெரும்பாலும் வைரஸ் வேலையாக இருக்காது: உள்ளே சிக்கிய புல், பல் வேரில் சீழ், சதை வளர்ச்சி, கட்டி என்று காரணம் வேறு எங்கோ இருக்கும். எத்தனை மில்லி சலைன் ஓட்டினாலும் அந்தப் பக்கம் திறக்காது.